முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி: மண்டபத்தில் சைலண்ட் டிஸ்கோ

வேலூர்ப் பக்கம் கல்யாணம் என்றால் ரிசப்ஷன் முதல்நாள் சாயங்காலம், முகூர்த்தம் மறுநாள் விடியற்காலை. நடுவே இருக்கும் ராத்திரியில் ஒரே மண்டபத்துக்குள் இரண்டு கூட்டம் இருக்கும். தூங்க வேண்டியவர்கள் ஒரு பக்கம்: ஆயா, தாத்தா, கைக்குழந்தையோடு வந்தவர்கள், இரண்டு மணிக்கே காய் நறுக்க உட்காரும் சமையல் ஆட்கள். ஆட வேண்டியவர்கள் இன்னொரு பக்கம்: பெண்ணின் காலேஜ் தோழிகள், மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள், அத்தை மகன், மாமா மகள். மேடையில் போட்டோ வரிசை கரைந்து, மொய் எழுதி முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகுதான் இவர்களுக்கு ஓய்வு. அப்போது மணி பத்தைத் தொட்டிருக்கும். சவுண்டு சர்வீஸ்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

சைலண்ட் டிஸ்கோ என்றால் ஸ்பீக்கர் இல்லாமல், ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டு ஆடுவது. பத்து மணிக்கு மேல் வரும் இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அதைச் சொல்கிறேன். புதுமைக்காக அதைத் தேடிப் போக வேண்டாம். ஆடுகிறவர்களும் தூங்குகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் அவரவர் பாட்டுக்கு இருக்க வேறு நல்ல வழி இல்லை என்பதே அதைச் செய்யக் காரணம். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் 2005-இல் இதைக் கொண்டுவந்ததும் ராத்திரிச் சத்தம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. மூடிய கல்யாண மண்டபத்துக்குள் வைக்க விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி ஸ்பீக்கரை முழுசாகத் திறந்துவிட முடியாது. குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி அளவு 45 டெசிபல். தனியார் இடத்தின் எல்லையில் சத்தம் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்; அங்கே ராத்திரி அளவு 40. நம் மண்டபங்களில் பாதிக்கு மேல் ஜன்னலும் ஷட்டரும் திறந்தே இருக்கும். ஒரு சப்ஊஃபர் போட்டாலே எல்லையில் இந்த அளவு உடைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் மறுநாள் அறுவைக்காக ராத்திரியெல்லாம் காத்திருக்கிறார்கள். தோட்டப்பாளையம் பக்கம் மண்டபம் பிடித்தவர்கள் விதிக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காகவாவது சத்தத்தைக் குறைக்க வேண்டும்.

ஏற்பாடு எளிது. பாட்டு லேப்டாப்பிலிருந்தோ போனிலிருந்தோ ஒயர் வழியாக ஒரு டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். டிரான்ஸ்மிட்டர் அதை ரேடியோ அலையாக அனுப்பும். அந்த அலைவரிசையில் இருக்கும் எத்தனை ஹெட்போனும் ஒரே நேரத்தில் அதைப் பிடிக்கும். சாதாரணமாக மூன்று டிரான்ஸ்மிட்டர், மூன்று சேனல். ஹெட்போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் சேனல் மாறும், காதோரம் எரியும் விளக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறும். வீட்டில் இருக்கும் புளூடூத் ஹெட்போன்களை வைத்து இதைச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. சாதாரண புளூடூத் ஒரு போனுக்கு ஒரு ஹெட்போன் என்று ஜோடி சேர்வது. நூறு பேருக்கு ஒரே பாட்டைப் பரப்ப அதனால் ஆகாது.

வாடகைக்குப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த அலைவரிசை என்பது. விலை, கலர், டிசைன் எல்லாம் அதற்குப் பிறகு. வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த செட்டுகள் நிறையப் புழங்குகின்றன. அமெரிக்காவுக்குச் செய்த செட் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். அதில் 915 வரையான பகுதி இந்தியாவில் செல்போன்கள் டவரை நோக்கிப் பேசும் அலைவரிசை. மண்டபத்தில் ஐந்நூறு பேர் பாக்கெட்டிலும் போன் இருக்கும். யாருக்காவது கால் வரும்போதெல்லாம் பக்கத்தில் ஆடுகிறவர் காதில் கரகரவென்று கேட்கும். காலியான குடோனில் சோதித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், கூட்டம் வந்தபின்தான் குட்டு வெளிப்படும். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் குறைந்த சக்திக் கருவிகள் பயன்படுத்த 865 முதல் 868 வரை ஒதுக்கியிருக்கிறார்கள் (முதலில் 867 வரை இருந்தது, 2021-இல் 868 ஆக நீட்டினார்கள்). அந்தப் பட்டைக்குள் இருக்கும் செட் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டும் சட்டப்படி சரிதான். ஆனால் வைஃபை, புளூடூத் எல்லாம் நெரியும் இடம் அது; பெரிய கூட்டத்தில் விட்டுவிட்டுக் கேட்கும்.

சேனல்களை ஒரே இடைவெளியில் வைப்பதும் தொல்லை. 865.5, 866, 866.5 என்று வரிசையாக வைத்தால், முதல் இரண்டும் கலந்து பிறக்கும் தேவையற்ற அலை சரியாக மூன்றாவதன் மேல் போய் விழும் (866-இன் இருமடங்கிலிருந்து 865.5-ஐக் கழித்துப் பாருங்கள்). நீலச் சேனலில் மட்டும் பின்னணியில் வேறு பாட்டு மெலிதாகக் கேட்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். அலைவரிசையை மாற்றக்கூடிய செட்டாக இருந்தால் 865.3, 866.1, 867.5 போல ஏறுமாறான இடைவெளி வைத்தால் போதும். டிரான்ஸ்மிட்டர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

எங்கே வைப்பது? ஆடுகிறவர்களின் தலைக்கு மேலே. மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். டிரான்ஸ்மிட்டரை மேடையோர மேஜையில் வைத்தால் முன்வரிசைக்கு நன்றாகக் கேட்கும், எண்பது உடம்பு குறுக்கே நிற்கும் பின்வரிசைக்கு அறுந்து அறுந்து கேட்கும். லைட் ஸ்டாண்டில் ஏழெட்டு அடி உயரத்தில் கட்டி, ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்துங்கள். எல்இடி சுவருக்குப் பின்னால் வைக்கவே கூடாது, அது முழுக்க உலோகம். மேடை அலங்காரத்தின் இரும்புச் சட்டமும் அப்படியே. ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மறைந்து அரையடி நகர்ந்தால் திரும்பி வந்தால் ஹெட்போனைக் குறை சொல்ல வேண்டாம். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் அந்தப் புள்ளியில் ஒன்றையொன்று அழிக்கின்றன. இந்த அலையின் நீளமே சுமார் 35 சென்டிமீட்டர்தான் என்பதால் சற்று நகர்ந்தாலே சரியாகும். ஆடுகிறவர் எப்படியும் நகர்ந்துகொண்டுதான் இருப்பார்.

எத்தனை ஹெட்போன் என்பதில்தான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். பத்திரிகை வைத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஆயிரம் பேர் வரும் கல்யாணத்திலும் பத்து மணிக்கு மேல் தங்குகிறவர்கள் இருநூறு, முந்நூறு பேர். அவர்களில் ஆடுகிறவர்களை இரண்டு வீட்டிலும் பெயர் சொல்லி எண்ணிவிடலாம். எண்ணுங்கள். அந்த எண்ணோடு வேடிக்கை பார்க்க வந்து ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்காகக் கால்பங்கு சேருங்கள். பிறகு பத்துக்கு ஒன்று உதிரி. எண்பது பேர் ஆடுவார்கள் என்றால் நூறு, உதிரியோடு நூற்றுப்பத்து. உதிரி விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். சென்னையோ பெங்களூரோ, செட் எங்கிருந்தாவது வண்டியேறித்தான் வர வேண்டும். சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு 200-க்கு மேல். ராத்திரி பத்தரைக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் செத்தால் மாற்று வந்துசேர்வதற்குள் மாப்பிள்ளை முகூர்த்த வேட்டி கட்டிக்கொண்டிருப்பார். மூன்று சேனலுக்கு நான்கு டிரான்ஸ்மிட்டர் என்று பேசுங்கள். வைகாசி, ஆவணி, தை முகூர்த்த நாட்களில் மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் வாரத்திலேயே இதற்கும் கொடுத்துவிட வேண்டும், எல்லா ஊரிலும் முகூர்த்தம் அதே நாள்தான்.

சார்ஜ் ஏற்றும் வேலையை மண்டபத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மணமகன் அறையில் இருப்பது இரண்டு பிளக்; அதிலும் ஒன்றில் அயர்ன் பாக்ஸ் இருக்கும். ஒரு ஹெட்போன் ஏற மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். நூறு ஹெட்போனுக்கு மின்சாரம் ஒன்றும் பெரிதாக இழுக்காது, இரண்டு பழைய குண்டு பல்பு அளவுதான். சிக்கல் சார்ஜிங் ஹப்பில்: பத்து போர்ட் இருக்கும் மலிவான ஹப் மொத்தமே 2 ஆம்பியர் கொடுக்கும், பத்தும் அரைகுறையாக ஏறும். முதல்நாள் வீட்டிலேயே ஏற்றி, ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, மூன்று சேனலும் மாறுகிறதா என்று பார்த்துப் பெட்டியில் வையுங்கள். சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மூடிய கார் டிக்கியில் மத்தியானம் முழுக்கக் கிடந்த லித்தியம் பேட்டரி ராத்திரி சீக்கிரம் இறங்கிவிடும். பெட்டிகளை மண்டபத்தின் ஏசி அறையில் இறக்கிவிடுங்கள்.

மண்டபத்தில் கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்து எரிவது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. டிரான்ஸ்மிட்டர் அணைந்து எரிந்தால் நூறு காதிலும் ஒரே நேரத்தில் இரைச்சல் அடிக்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சாதாரண 600 விஏ யூபிஎஸ் ஒன்றில் மூன்று டிரான்ஸ்மிட்டரையும் மாட்டிவிட்டால் போதும். லேப்டாப்புகளுக்கு அவற்றின் பேட்டரியே காவல். சார்ஜர் மாட்டிய லேப்டாப்பிலிருந்து ‘உம்ம்’ என்று ஒரு சத்தம் எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஓடினால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் வழியாக வரும் ஹம். பேட்டரியிலேயே ஓட்டுங்கள், அல்லது நடுவில் ஓர் ஆடியோ ஐசோலேட்டர் (மின்தொடர்பை வெட்டி ஒலியை மட்டும் கடத்தும் சின்னப் பெட்டி) மாட்டுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள், ராத்திரி முழுவதையும் காப்பாற்றும்.

பாட்டை ஆன்லைனில் ஓட்ட நினைக்காதீர்கள். ஐந்நூறு பேர் ரீல்ஸ் ஏற்றும் இடத்தில் நெட்வொர்க் திணறும். எல்லாவற்றையும் முன்பே இறக்கி வையுங்கள், போனில் ஓட்டுவதானால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இல்லையென்றால் யாரோ அனுப்பும் மெசேஜின் ‘டிங்’ நூறு பேர் காதில் விழும். ஒலி அளவை லேப்டாப்பில் முக்கால்பங்கில் நிறுத்தி, வைத்திருப்பதிலேயே சத்தமான குத்துப் பாட்டைப் போட்டு, டிரான்ஸ்மிட்டரில் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு இறக்குங்கள். டிரான்ஸ்மிட்டருக்குள் அதிகமாகத் தள்ளி உடைந்த சத்தத்தை ஹெட்போனில் குறைத்துச் சரிசெய்ய முடியாது. மூன்று சேனலும் ஒரே அளவில் இருப்பது முக்கியம். ஒன்று மட்டும் சத்தமாக இருந்தால் பாட்டு பிடித்திருக்கிறதோ இல்லையோ கூட்டம் அங்கே போய்விடும், மற்ற இரண்டும் வீண்.

இரண்டரை மணி நேரத்துக்குச் சேனலுக்கு நாற்பது பாட்டு வேண்டும். வடஆற்காட்டுக் கல்யாணத்துக்கு மூன்று சேனலை எப்படிப் பிரிப்பது? ஒன்று இன்றைய குத்தும் கானாவும். இரண்டாவது எண்பது, தொண்ணூறுகளின் பாட்டு. சித்தப்பா, பெரியம்மா தலைமுறை வெட்கத்தை விட்டு இறங்குவது இதில்தான், அதை மெதுவான மெலடியாக மட்டும் நிரப்பாதீர்கள், துள்ளலான ஆறெட்டு (6/8) தாளத்தில் நடக்கும் பாட்டுகளும் வேண்டும். மூன்றாவதை வீட்டைப் பொறுத்து வையுங்கள். சித்தூர்ப் பக்கச் சொந்தம் இருந்தால் தெலுங்கு. ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்கள் அதிகமென்றால் உருது, இந்தி. கூட்டம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாட்டுப் போடுகிறவர் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்காக மண்டப விளக்கைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் காதோர விளக்கு தெரியாது. கல்யாணத்தில் பாட்டுப் போட உரிமத்தொகை கேட்டு யாராவது வந்தால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவைக் காட்டலாம். திருமண ஊர்வலத்தையும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களையும் அது விலக்குக்குள் சேர்க்கிறது.

எல்லோரும் ஒரே பாட்டுக்கு ஆடும் நேரத்தை இரண்டு முறையாவது வைத்துக்கொள்ளுங்கள்: பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் வரும்போது ஒன்று, முடிவில் ஒன்று. இதற்கு மூன்று லேப்டாப்பிலும் ஒரே பாட்டைக் கைக்கணக்கில் தட்டக்கூடாது. அரை விநாடி முன்பின்னாகும், மூன்று நிறக்காரர்களும் மூன்று இடத்தில் கைதட்டுவார்கள். சின்ன மிக்சர் ஒன்று வைத்து ஒரே பாட்டை மூன்று டிரான்ஸ்மிட்டருக்கும் பிரித்துக் கொடுங்கள். அதே மிக்சரில் ஒரு மைக்கையும் மாட்டிவிட்டால் “பொண்ணு வீட்டுக்காரங்க வண்டி கிளம்புது” என்று மூன்று சேனலிலும் சொல்லலாம். வீடியோகாரருக்கும் அங்கிருந்தே ஒரு ஒயர் கொடுக்க வேண்டும். மறந்தால் அவர் கேமராவில் பதிவாவது கால் தேய்க்கும் சத்தமும், ஆளாளுக்குச் சுதியில்லாமல் கத்தும் குரலும்தான்.

பெண்ணின் தலையைப் பற்றி வாடகைக்காரர் யாரும் சொல்வதில்லை. ரிசப்ஷன் அலங்காரத்தில் நெற்றிச்சுட்டி, மாட்டல், ஜிமிக்கி, பின்னால் கொண்டையும் பூவும். ஹெட்போனின் வளையம் உச்சியில் உட்கார்ந்தால் சுட்டி நகரும். காது மெத்தை ஜிமிக்கியை உள்ளே அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் காது மடல் வலிக்கும். ஆட வருமுன் ஜிமிக்கியையும் மாட்டலையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சின்னத் தோடு போட்டுக்கொள்வது நல்லது. வளையத்தைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கி, பூவுக்குக் கீழே ஒரு ரிப்பனால் கட்டினால் நிற்கிறது. இதை அலங்காரம் செய்கிறவரிடம் முன்பே சொல்லி, ஒரு ஹெட்போனை ஒத்திகைக்குக் கொடுத்துவிடுங்கள். மற்ற பெண்களுக்கு மல்லிகைச் சரத்தைச் சற்றுப் பின்னால் வைத்தால் போதும். காது மெத்தைக்குப் போடும் துணி உறை ஒரு ஹெட்போனுக்கு இரண்டு. வியர்வை, தலை எண்ணெய், சந்தனம் எல்லாம் சேரும் ஊரில் அது அவசியம். கைமாறினால் உறையும் மாற வேண்டும், எனவே இருமடங்கு வாங்குங்கள். ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்தால் ரெக்சின் வெடிக்கும், ஈரத்துணி போதும்.

கொடுக்கல் வாங்கலை மொய் மேஜை மாதிரி நடத்துங்கள். ஆதார் கார்டை அடகு வாங்குவதெல்லாம் கம்பெனி விழாவுக்குச் சரி. மாமாவிடம் கார்டு கேட்க முடியுமா? ஒவ்வொரு ஹெட்போனிலும் எண் ஒட்டி, ஒரு நோட்டு, இரண்டு பேர். ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் எண்ணும் பெயரும் எழுத. பெண் வீட்டாரைத் தெரிந்த ஒருவரும் மாப்பிள்ளை வீட்டாரைத் தெரிந்த ஒருவரும் உட்கார்ந்தால் யார் பெயரையும் கேட்க வேண்டியிருக்காது. ஹாலுக்கு ஒரே வாசல் திறந்திருக்கட்டும். குழந்தைகள் கழுத்தில் மாட்டியபடியே சாப்பாட்டுக் கூடத்துக்கும் மாடிக்கும் ஓடுவார்கள். தொலைவதும் உடைவதும் பெரும்பாலும் அப்படித்தான். அவர்களுக்குத் தனியாகப் பத்து ஹெட்போன், ஒலியைக் குறைத்து வைத்து, ஒரு அண்ணன் பொறுப்பில் விட்டுவிடலாம். பெரியவர்கள் உட்காரும் வரிசையிலும் நான்கைந்து வையுங்கள். “இன்னாடா இது, பாட்டே இல்லாம குதிக்கிறானுங்க?” என்று கேட்கும் தாத்தாவுக்குப் பழைய பாட்டு ஓடும் பச்சைச் சேனலை மாட்டிவிட்டால் கேள்வி முடிந்தது. காதுகேட்கும் கருவி போட்டிருப்பவருக்கு மட்டும் மாட்ட வேண்டாம், மெத்தை மூடியதும் கருவி விசிலடிக்கும்.

ஆடும் இடம் ஒருவருக்கு எட்டு ஒன்பது சதுர அடி. எண்பது பேருக்கு 24-க்கு 30 அடி காலியாக வேண்டும். நாற்காலிகளை அகற்ற மண்டப ஆட்களிடம் ஒன்பதரைக்கே சொல்லி வையுங்கள். பாலிஷ் போட்ட கிரானைட்டில் பன்னீரும் நசுங்கிய பூவும் கிடக்கும். பெருக்கி, ஈரம் போகத் துடைத்து, மேட் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்ட வேண்டும். டிஸ்கோவுக்கு ‘சைலண்ட்’ என்று பெயர் இருந்தாலும் எண்பது பேர் குதிக்கும் அதிர்வு தரை வழியாகப் போகும். ஹால் மாடியிலும் தூங்கும் அறைகள் அதன் அடியிலும் இருந்தால் மொத்த ஏற்பாடும் வீண். மண்டபம் பார்க்கப் போகும்போதே இதைப் பாருங்கள். கீழ்த்தள ஹாலும் மாடியில் அறைகளும் இருப்பது நல்ல அமைப்பு. கூடச் சேர்ந்து கத்திப் பாடுவதையும் தடுக்க முடியாது. வாசல் கதவைச் சாத்தி வைப்பதுதான் மருந்து.

நெஞ்சில் இடிக்கும் அடி ஹெட்போனில் கிடைக்காது. பம்பை, தப்பட்டைக்கு ஆடிப் பழகியவர்களுக்கு இது குறையாகத்தான் தெரியும், உண்மையிலேயே குறைதான். அதற்கு மாப்பிள்ளை அழைப்பிலேயே, பத்து மணிக்கு முன்பு, மேளத்துக்கு ஆடி முடித்துவிடுவதே சரி. இரண்டையும் ஒன்றோடொன்று போட்டி போட விடாதீர்கள்.

ஹெட்போன் மாட்டிய யாருக்கும் வெளிச்சத்தம் கேட்காது என்பதை ஒருவராவது ராத்திரி முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டும். புகை வந்தாலும், யாராவது மயங்கி விழுந்தாலும், வெளியே வண்டி இடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. எனவே ஹெட்போன் மாட்டாத இரண்டு பேர் பொறுப்பில் நிற்க வேண்டும். மண்டபத்தின் சாதாரண மைக் செட்டில் ஒரு மைக்கை அணைக்காமல் வைத்து, மெயின் விளக்கின் ஸ்விட்ச் எது என்று அவர்களுக்குக் காட்டிவிடுங்கள். எல்லா விளக்கும் சட்டென்று எரிந்தால் ஹெட்போனைக் கழற்ற வேண்டும் என்று ஆரம்பத்திலேயே மூன்று சேனலிலும் சொல்லிவிட வேண்டும். காதுக்கும் அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்று சொல்கிறது. சத்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். பக்கத்தில் நிற்பவர் கத்திப் பேசியும் கேட்கவில்லை என்றால் ஒலிச்சக்கரத்தைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

பெண்ணும் மாப்பிள்ளையும் பதினொன்றுக்குக் கிளம்பட்டும். ஆறு மணி முகூர்த்தம் என்றால் பெண் மூன்றரைக்கு எழ வேண்டும். மற்றவர்களுக்குப் பன்னிரண்டேகால் போதும். கடைசிப் பாட்டு முடிந்ததும் சேனல்களை ஒவ்வொன்றாக அணையுங்கள், கூட்டம் தானாக வாசல் மேஜைக்கு வரும். நோட்டில் பெயரை அடித்து, எண்ணை எண்ணி, ஸ்விட்சை அணைத்து, அந்த ராத்திரியே பெட்டியில் பூட்டுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விடியற்காலை நாதஸ்வரம் தொடங்கும்போது ஹெட்போன்கள் நாற்காலிக்கடியிலும் பாய் மடிப்பிலும் கிடக்கும், மத்தியானம் மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில் பந்தல்காரர் லாரியில் துணிமூட்டையோடு ஏறிப் போய்விடும்.